மௌக்லிக்குக் கிடைத்த அரசாங்க வேலை

மௌக்லியை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஓநாய்கள் வளர்த்த பையன். கூடவே பகீரா, பாலு, ஷேர் கான். 2016-இல் வந்த டிஸ்னி படத்தைப் பலரும் பார்த்திருப்போம். சரி, அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆனான்? வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்தான். பென்ஷனோடு.

விளையாட்டுக்குச் சொல்லலை. ரட்யார்ட் கிப்ளிங் மௌக்லியை வைத்து முதலில் வெளியிட்ட கதையே அதுதான்: 1893-இல் வந்த ‘இன் தி ருக்’. அதில் வாலிப மௌக்லி காட்டுக்குள்ளிருந்து வந்து நிற்கிறான். வனத்துறைத் தலைவரான ஒரு ஜெர்மன்காரர் அவன் திறமையைப் பார்த்து அசந்துபோய் வனக்காவலர் வேலை தருகிறார். சின்னப் பையன் மௌக்லி வருகிற ‘ஜங்கிள் புக்’ அடுத்த வருஷம், 1894-இல்தான் புத்தகமானது.

கிப்ளிங் பிறந்தது பம்பாயில், 1865-இல். ஆறு வயது நிரம்பும் முன்பே தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பி, காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். அடியும் திட்டுமாக அங்கே ஆறு வருஷம் போனது. பெற்றவர்களைப் பிரிந்து வேறொரு கூட்டத்தில் வளரும் பையனின் கதை எங்கிருந்து வந்தது என்று யோசிச்சுப் பாருங்க. 16 வயதில் இந்தியா திரும்பி லாகூரில் பத்திரிகை வேலை பார்த்தார். 1889-இல் கிளம்பிவிட்டார். ஜங்கிள் புக்கை எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட்டில், பனிக்கு நடுவே. கதை நடக்கும் சியோனிக் காட்டை அவர் நேரில் பார்த்ததில்லை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படித்ததையும் கேட்டதையும் வைத்துக் கட்டிய காடு அது. 1907-இல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 41.

பாலு மௌக்லிக்குக் காட்டின் சட்டத்தைச் சொல்லித்தரும் பக்கங்களை ரசித்துப் படிக்கிறோம். அதற்குச் சில வருஷம் முன்புதான் நிஜக் காடுகளுக்கு வேறொரு சட்டம் வந்திருந்தது. 1878-இல் இந்திய வனச் சட்டம், 1882-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிச் சட்டம். காப்புக் காடு என்று அறிவித்துவிட்டால் விறகு வெட்டுவது, மாடு மேய்ப்பது, வேட்டையாடுவது எல்லாம் குற்றம். அங்கேயே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

இதைக் கான்சாபுரத்திலிருந்து பார்த்தால் நல்லாவே புரியும். ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களின் மலை அது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. அணிலுக்கும் புலிக்கும் இடம் வேணும், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே இருக்கிற மனுஷங்களுக்கு என்ன இடம்? காட்டில் வாழ்ந்தவர்களுக்கு நடந்தது அநீதி என்று சட்டமே ஒப்புக்கொள்ள 2006-இன் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மலையைக் குழந்தைகளுக்குச் சொன்ன ஒருவர் பக்கத்திலேயே உண்டு: ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டம். பஞ்சாலைகளின் ஊரில் இருந்துகொண்டு பளியர் வாழ்க்கையைக் கதைகளாக எழுதியவர். ‘குறிஞ்சிச் செல்வர்’ என்றே அவரை அழைக்கிறார்கள். அவருடைய ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ 2012-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கென்று அந்த விருதைத் தொடங்கியதே 2010-இல்தான். வெர்மான்ட்டில் எழுதின காடு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சொந்த மலையைப் பார்த்து எழுதின காட்டை விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளிலேயே எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

ஜங்கிள் புக்கைத் தூக்கி எறியச் சொல்லலை. கிப்ளிங்கின் கதை சொல்லும் கை பெரிய கை. குழந்தைக்கு அதைக் கொடுக்கும்போது கோதண்டத்தையும் பக்கத்தில் வைப்போம். கொஞ்சம் வளர்ந்ததும் ‘இன் தி ருக்’ கதையையும் சொல்வோம். காட்டிலேயே வளர்ந்தவன் காட்டிலேயே இருப்பதற்கு ஓர் அரசாங்க வேலை தேவைப்பட்டது என்பதை அந்தப் பிள்ளையே கவனிச்சுக்கும்.