போகோட்டாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாலைகள்

கொலம்பியாவின் தலைநகரான போகோட்டாவில் ஞாயிறுதோறும், அரசு விடுமுறை நாள்தோறும் காலை 7 மணிக்கு முக்கியச் சாலைகள் பலவற்றில் மோட்டார் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. பிற்பகல் 2 மணி வரை, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சாலைகள் சைக்கிளில் வருவோருக்கும், நடப்பவர்களுக்கும், ஓடுபவர்களுக்கும், சக்கரக் காலணியில் வழுக்கிச் செல்வோருக்கும் உரியவை. சிக்லோவியா எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு, கூட்டம் மிகுந்த நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. 1974இல் சில மணி நேரப் பேரணியாகத் தொடங்கியது இது. பேரணிகள் எல்லா ஊரிலும் நடந்து முடிகின்றன. போகோட்டாவில் அது முடியாமல் ஒரு நகர நிர்வாகத்தின் வாராந்தரக் கடமையாகவே ஆனதுதான் இந்த வரலாற்றின் தனித்தன்மை.

போகோட்டா ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், சவானா எனப்படும் பரந்த சமவெளியின் கிழக்கு ஓரத்தில் அமைந்த நகரம். மலையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்குக் கர்ரேரா என்றும், அவற்றைக் குறுக்கே வெட்டி மலையடிவாரம் நோக்கிச் செல்பவற்றுக்குக் கய்யே என்றும் பெயர். கர்ரேராக்களில் பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும் சராசரி வெப்பநிலை. நெடுந்தொலைவு மிதித்தாலும் வியர்த்துக் கொட்டாத ஊர். சைக்கிளுக்கு இயற்கை வகுத்துக் கொடுத்த இடம் என்றே சொல்லலாம்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த நகரம் வேறு திசையில் போனது. 1948 ஏப்ரல் 9 அன்று, மக்கள் செல்வாக்குப் பெற்ற தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் 7ஆம் கர்ரேராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் டிராம் வண்டிகள் பல எரிந்தன. 1951இல் டிராம் சேவை முற்றிலும் நின்றது. அந்த இடத்தைத் தனியார் பேருந்துகளும் கார்களும் பிடித்துக்கொண்டன. கிராமப்புற வன்முறைக்கு அஞ்சியும் வேலை தேடியும் வந்த மக்களால் நகரம் வேகமாகப் பெருத்தது, சாலைகள் அகலமாயின. கார் வாங்க வழியில்லாத பெரும்பான்மையோர்க்கு அந்த அகலத்தால் பயன் ஏதுமில்லை.

அதே 1951இல்தான் வுவெல்தா ஆ கொலம்பியா என்னும் தேசியச் சைக்கிள் பந்தயமும் தொடங்கியது. தார் போடாத மலைப்பாதைகளில், சேற்றிலும் ஆற்று நீரிலும் சைக்கிளைத் தோளில் சுமந்து கடந்த வீரர்களின் கதையை வானொலி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. முதல் பந்தயத்தில் வென்றவர் போகோட்டாவுக்கு அருகிலுள்ள சிபாகிரா ஊரைச் சேர்ந்த எஃப்ரயீன் ஃபொரேரோ. ஐந்து முறை வென்ற ரமோன் ஓயோஸின் வாழ்க்கையை, அப்போது இளம் பத்திரிகையாளராக இருந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1955இல் எல் எஸ்பெக்டாடோர் நாளிதழில் தொடராக எழுதினார். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த இந்த வீரர்களால் சைக்கிளுக்குக் கொலம்பியாவில் ஒரு மரியாதை இருந்தது. பந்தயச் சாலையில் கிடைத்த அந்த மரியாதை நகரச் சாலையில் கிடைக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் இந்த முரண் சில இளைஞர்களின் கண்ணில் பட்டது. அவர்களுள் ஒருவர் ஹைமே ஓர்ட்டிஸ் மரினியோ. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கட்டடக்கலை படித்துத் திரும்பியவர். கார்களுக்காகவே கட்டப்பட்ட நகரம் எப்படி இருக்கும் என்பதை அங்கே நேரில் கண்டிருந்த அவருக்கு, தன் ஊரும் அந்த வழியிலேயே போவது கவலை தந்தது. அவரும் நண்பர்களும் நகர நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, 1974 டிசம்பர் 15 ஞாயிறன்று 7ஆம், 13ஆம் கர்ரேராக்களைச் சில மணி நேரம் சைக்கிளுக்கெனத் திறந்தார்கள். கார்கள் பெருகுவது, காற்று மாசடைவது, நகரவாசிகளுக்குப் பொழுதுபோக்க இடமில்லாதது ஆகிய மூன்றுக்கும் எதிரான குரல் அது. சுமார் 5,000 பேர் வந்தார்கள். கூட்டத்தில் பெரும்பகுதி கொடி பிடித்து வந்த கூட்டமல்ல. குடும்பத்தோடு சைக்கிள் விட வந்த கூட்டம். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த உண்மைதான்.

1976இல் மேயர் லூயிஸ் பிரியேட்டோ ஒகாம்போ ஆணை பிறப்பித்து இதை நகரின் அதிகாரபூர்வ ஏற்பாடாக்கினார். 1980களின் முற்பகுதியில், மேயர் ஆகஸ்டோ ரமிரெஸ் ஒகாம்போ காலத்தில், வழித்தடங்களின் மொத்த நீளம் 50 கிலோமீட்டரைத் தாண்டியது. பின் சரிவு வந்தது. பொறுப்பு போக்குவரத்துத் துறையிடம் இருந்தது. வண்டிகளை ஓட வைப்பதே அந்தத் துறையின் வேலை. வண்டிகளை நிறுத்தும் வேலையை அது வேண்டா வெறுப்பாகச் செய்ததில் வியப்பில்லை. வழித்தடங்கள் சுருங்கின, ஆள் பற்றாக்குறை வந்தது, 1990களின் தொடக்கத்தில் சிக்லோவியா பெயரளவில்தான் உயிரோடு இருந்தது.

திருப்பம் 1995இல் வந்தது. ஆன்டனாஸ் மோக்கஸ் மேயராகியிருந்தார். கணிதமும் தத்துவமும் கற்பித்த பேராசிரியர், சாலைச் சந்திப்புகளில் ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்திப் போக்குவரத்து ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தவர். அவர் காலத்தில் சிக்லோவியா, நகரின் பொழுதுபோக்கு மற்றும் விளையாட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்நிறுவனத்தின் தலைவர் கில்லெர்மோ பென்யலோசா. போக்குவரத்துத் துறைக்கு இடையூறாகத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த நிறுவனத்துக்கு நகரிலேயே மிகப் பெரிய பூங்காவாகத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் வழித்தடங்கள் பல மடங்கு நீண்டன. அதைவிட முக்கியமாக, துண்டு துண்டாகக் கிடந்தவை ஒன்றோடொன்று இணைந்தன. சாலையோரப் பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் இசையோடு இலவச உடற்பயிற்சி வகுப்புகள் தொடங்கின. ரெக்ரேயோவியா எனப்படும் அவ்வகுப்புகளுக்கு வருவோரில் பெரும்பான்மையினர் பெண்கள்.

நடைமுறை எளிமையானது, எளிமையே அதன் பலம். பல பெருஞ்சாலைகள் நடுத்திட்டால் பிரிக்கப்பட்ட இருபுறச் சாலைகள். அவற்றில் ஒரு பக்கம் மட்டும் மூடப்படும். மறுபக்கத்தில் வண்டிகள் ஓடும். விடியற்காலையில் லாரிகள் தடுப்புகளையும் கூம்புகளையும் இறக்கிச் செல்லும். கார்டியானேஸ் எனப்படும் சீருடை அணிந்த இளைஞர்கள் தத்தம் பகுதியில் சைக்கிளில் சுற்றி வருவார்கள். அடிபட்டவருக்கு முதலுதவி, தொலைந்த குழந்தைக்குத் துணை, வண்டி நுழைந்தால் தடுப்பு என எல்லாம் அவர்கள் வேலை. குறுக்குச் சாலைகளில் நின்று கார்களையும் சைக்கிள்களையும் மாற்றி மாற்றி விடுபவர்களில் கட்டாயச் சமூக சேவையை நிறைவு செய்யும் பள்ளி மாணவர்களும் உண்டு. ஓரங்களில் பஞ்சர் ஒட்டுபவர்கள், காற்றடிப்பவர்கள், ஆரஞ்சுச் சாறு பிழிபவர்கள், பழத்துண்டுகளும் சாறும் கலந்த சல்பிகோன் விற்பவர்கள். பல குடும்பங்களுக்கு வாரத்தின் நல்ல வியாபாரம் அந்த ஏழு மணி நேரத்தில்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கொலம்பியாவில் பல விடுமுறைகள் திங்கட்கிழமைக்கு நகர்த்தப்படுவதால், ஞாயிறும் திங்களும் சேர்ந்தே சிக்லோவியா நாளாகும் வாரங்கள் நிறைய. மொத்தத்தில் ஆண்டுக்கு எழுபது நாட்கள் வரை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கிடையே இரவுச் சிக்லோவியாவும் உண்டு.

போகோட்டா வர்க்கத்தால் பிளவுபட்ட நகரம். பணக்காரர்கள் வடக்கே, ஏழைகள் தெற்கே. குடியிருப்புகளையே ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்து, அதற்கேற்ப மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் வாங்கும் ஊர். வடக்கிலுள்ளவர் தெற்குப் பக்கம் போகாமலே வாழ்நாளைக் கழித்துவிடலாம். சிக்லோவியாவின் வழித்தடங்கள் இந்தப் பிளவைக் கடந்து செல்கின்றன. தெற்கின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பழைய சைக்கிளில் கிளம்பும் ஒரு குடும்பம், வண்டிச் செலவு இல்லாமல் நகர மையத்தின் பொலிவார் சதுக்கம் வரையிலும் அதற்கு வடக்கேயும் வந்து திரும்பலாம். இதனால் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சாலையின் நடுவில் அச்சமின்றிப் போகும் உரிமை, காரில்லாதவருக்கும் வாரம் ஒரு நாளாவது கிடைக்கிறது. பெரிய நகரங்களில் அது அரிய பொருள். பணக் கணக்கிலும் இது வீணல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இதற்கு ஒரு பயனாளருக்கு ஆண்டுச் செலவு 6 டாலர் என்றும், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3 முதல் 4 டாலர் வரை மிச்சமாகிறது என்றும் கணித்தது.

ஞாயிறு மிதித்தவர்கள் திங்களன்றும் மிதிக்கப் பாதை கேட்டார்கள். கில்லெர்மோவின் அண்ணன் என்ரிக்கே பென்யலோசா 1998 முதல் 2000 வரை மேயராக இருந்தபோது சிக்லோரூட்டா எனும் நிரந்தரச் சைக்கிள் பாதைகள் பெருமளவில் போடப்பட்டன. 2000 பிப்ரவரி 24 வியாழனன்று நகரம் முழுவதும் தனியார் கார் ஓடாத நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை ஆண்டுதோறும் நடத்த ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பாதைகள் பலவும் நடைபாதையைப் பங்கு போட்டு அமைக்கப்பட்டன. நடப்பவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் ஓயாத உரசல். இது திட்டமிடலின் பிழை. பிற்காலத்தில் காரின் இடத்திலிருந்து ஒரு பட்டையை எடுத்துச் சாலை மட்டத்திலேயே தடம் அமைக்கும் முறை வந்தது. சைக்கிள் திருட்டும் வழிப்பறியும் இன்றும் தீராத தொல்லைகள். இரவில் தனியே ஓட்ட அஞ்சியவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2000களின் நடுப்பகுதியிலிருந்து புதன் இரவுகளில் நண்பர் குழுக்கள் ஒன்றுகூடி நகரைச் சுற்றும் வழக்கம் வேரூன்றியது. பின்னர் பேட்டைக்குப் பேட்டை இப்படிப்பட்ட குழுக்கள் பெருகின. பந்தய மோகம் கொண்டவர்களோ ஞாயிறு காலையில் கிழக்கு மலையேறி, சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள பாத்தியோஸ் கணவாய்க்குப் போகிறார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. 2007இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிச் சிக்லோவியாவுக்குத் தடை கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், மசோதா தோற்றது. மூன்று தலைமுறையினர் சைக்கிள் பழகிய சாலையைப் பறிப்பது அரசியலில் எளிதல்ல.

இதற்கு முன்பே சாலையை மூடிய ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் 1960களிலேயே ஏரிக்கரைச் சாலை ஒன்று ஞாயிறுகளில் சைக்கிளுக்கு விடப்பட்டது. ஆனால் உலகம் பின்பற்றியது போகோட்டாவின் முறையைத்தான். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 2004இல், லாஸ் ஏஞ்சலிஸில் 2010இல் இவ்வகை ஏற்பாடுகள் வந்தன. 2013 நவம்பரில் குர்கானில் தொடங்கிய ராகிரி நாளும், அடுத்த ஆண்டு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையோரம் நடந்த காரில்லா ஞாயிறுகளும் இதன் வழி வந்தவையே. ஆனால் அளவில் பெரிய வேறுபாடு உண்டு: போகோட்டாவில் நகரத்தைக் குறுக்கும் நெடுக்கும் இணைக்கும் வலை, சென்னையில் ஒரு கடற்கரைச் சாலையின் துண்டு.

2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது, பேருந்துக் கூட்டத்தைக் குறைக்கப் போகோட்டா சில நாட்களுக்குள் 70 கிலோமீட்டருக்கும் மேலான தற்காலிகச் சைக்கிள் தடங்களை வார நாட்களுக்கும் திறந்தது. உலக நகரங்களில் இவ்வாறு செய்தவற்றுள் முந்திக்கொண்டவற்றில் போகோட்டாவும் ஒன்று. கூம்புகள் கிடங்கில் தயாராக இருந்தன. எந்தச் சந்திப்பில் எத்தனை ஆள் வேண்டும் என்பது ஊழியர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. அத்தடங்களில் ஒரு பகுதி பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது.