ஓர் இழுப்பறையில் வளர்ந்த விளையாட்டு

கல்லூரி மாணவர் நால்வரோ ஐவரோ ஒன்றுகூடிக் கணினி விளையாட்டு ஒன்றை ஆக்கப் புகுவது இந்நாளில் வியப்பன்று. ஒருவர் படம் வரைகின்றார். ஒருவர் நிரல் எழுதுகின்றார். மற்றொருவர் ஒலி சேர்க்கின்றார். பணி பாதியில் நின்றுவிடுமாயின், தமக்கு அறிவு போதவில்லை என்று நொந்துகொள்கின்றனர். பெரும்பாலும் அது காரணமன்று. ஒருவர் செய்வது மற்றவர்க்குத் தெரியாமையே காரணம் என்பது என் கருத்து. இத்தகைய குழுக்களுக்கெல்லாம் முன்னோடியான ஒரு குழுவின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

நான் வாழும் பெரம்பூர் இரயிலால் வளர்ந்த ஊர். அதனாலோ என்னவோ, அக்குழு ஓர் இரயில் சங்கத்தில் முளைத்தது என்று அறிந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1946-ஆம் ஆண்டில் மாதிரி இரயில் சங்கம் ஒன்று தோன்றிற்று. சிறு வண்டிகளுக்கு வண்ணம் பூசி அழகு பார்த்தோர் ஒரு சாரார். தண்டவாள மேசைக்கு அடியில் கம்பிகளையும் தொலைபேசி ரிலேக்களையும் பின்னி வண்டிகளை இயக்கியோர் மற்றொரு சாரார். இப்பின்னவரே கணினியைக் கண்டதும் அதன்பால் ஈர்க்கப்பட்டனர்.

1961-ஆம் ஆண்டில் அக்கழகத்திற்குப் பி.டி.பி-1 என்னும் கணினி வந்தது. அதன் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். அதனோடு வட்டமான திரை ஒன்றும் இருந்தது. அத்திரையின் ஆற்றலைக் காட்ட என்ன செய்யலாம் என்று ஸ்டீவ் ரசல், மார்ட்டின் கிரெட்ஸ், வெய்ன் வீட்டனென் ஆகிய மூவரும் ஆராய்ந்து, விண்ணில் இரு கலங்கள் பொரும் விளையாட்டை எண்ணினர். எழுதும் பொறுப்பு ரசலுடையதாயிற்று. அவரோ நாளைக் கடத்தினார். கோணக் கணக்குக்கான சைன், கோசைன் நிரல் தம்மிடம் இல்லை என்றார். ஆலன் கோட்டாக் என்னும் மாணவர் வாதிடவில்லை. கணினியைச் செய்த நிறுவனத்திற்கே சென்று, அந்நிரலைத் துளைநாடாவில் வாங்கி வந்து ரசலிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் சாக்கு ஏது? 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஸ்பேஸ்வார்’ உருப்பெற்றது. உலகின் முதற் கணினி விளையாட்டு இதுவன்று. 1958-இலேயே வில்லியம் ஹிகின்பாதம் திரையில் டென்னிஸ் ஆடிக் காட்டியிருந்தார். எனினும், பலர் கூடி வளர்த்த விளையாட்டு என்ற வகையில் இதற்கு ஒப்பானது அந்நாளில் வேறொன்றை நான் அறியேன்.

வளர்த்த முறையே நாம் கருதத்தக்கது. ரசல் விண்மீன்களை மனம்போனபடி தூவியிருந்தார். பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. அவர் வானநூல் அட்டவணையைப் பார்த்து, மெய்யான விண்மீன்களை அவற்றின் ஒளி வேறுபாட்டோடு திரையில் அமைத்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு கதிரவனை வைத்து, அதன் ஈர்ப்புக் கலங்களை இழுக்குமாறு செய்ய விரும்பினார். கணினிக்கோ அத்தனை கணக்கையும் போட நேரம் போதவில்லை. ஆகவே, கலங்களை வரையும் பகுதியை விரைவாக இயங்கும்படி திருத்தி நேரத்தை மிச்சப்படுத்தினார். அப்பொழுதும் குண்டுகளுக்கு ஈர்ப்பைக் கணக்கிட நேரம் எஞ்சவில்லை. அவை நேர்கோட்டிலேயே சென்றன. குறை கண்டவர் குறையைச் சொல்லி அமைந்துவிடாமல், திருத்தத்தையும் கையோடு கொண்டு வந்தனர்.

ஆடியவர் சொல்லுக்கும் மதிப்பிருந்தது. குண்டு சிறிதே தவறிப் பாயுமாறு ரசல் அமைத்திருந்தார். இயல்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம். தோழர்கள் அதனை விரும்பவில்லை. அவரும் மாற்றிவிட்டார். கணினியின் பொத்தான்களையே அழுத்தி ஆடியதால் முழங்கை நொந்தது. திரைக்கு அருகில் நின்றவர்க்கே வெற்றி வாய்ப்பும் மிகுந்தது. உடனே கோட்டாக்கும் பாப் சாண்டர்சும் இரயில் சங்கத்தில் கிடந்த பலகைத் துண்டுகளையும் பொத்தான்களையும் கொண்டு, கையடக்கமான இரு பெட்டிகளைச் செய்தனர். நிரல் பொறித்த துளைநாடா ஓர் இழுப்பறையில் கிடந்தது. அதற்குப் பூட்டில்லை. எவரும் எடுத்து ஆடலாம், திருத்தவும் செய்யலாம்.

இம்முறை எல்லாப் பணிக்கும் ஏற்றதா? அன்று என்றே சொல்வேன். எங்கள் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். முதலில் அங்கு உள்ளமைப்பு இல்லாத வெற்றுக் கூடுகளே உருவாயின. உள்ளமைப்புப் பிரிவு 1962-இல் தொடங்கியது. கூடு செய்வோர் ஒருவர், இருக்கை பொருத்துவோர் வேறொருவர் எனில், இருவர்க்கும் இடையே பேசுவது வரைபடம் அன்றோ? அங்கே எவரும் தம் விருப்பப்படி ஒரு துளையை அரை அங்குலம் நகர்த்துதல் இயலாது; பெட்டியில் ஏறுவன மக்களின் உயிர்கள். விளையாட்டில் பிழை நேர்ந்தால் கலம் ஒன்று திரையிலிருந்து மறையும், அவ்வளவே. அந்த இளைஞர்க்கு இரவெல்லாம் விலையுயர்ந்த கணினி ஓய்வாகக் கிடைத்த நல்வாய்ப்பையும் மறத்தலாகாது.

1962 மே மாதத்தில் கழகத்தின் திறந்த நாளன்று பொதுமக்கள் இவ்விளையாட்டைக் கண்டனர். எவரும் அதனை விற்கவில்லை, பிற பி.டி.பி-1 கணினிகளுக்கும் அது இலவசமாகவே பரவிற்று. நூல்கள் பலவும் ரசல் பெயரை மட்டும் சொல்லி அமைகின்றன. இது முறையன்று. கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய பி.டி.பி-1 ஒன்றைப் பழுது நீக்கி மீண்டும் இயக்கியிருக்கின்றனர். அப்பணியைச் செய்த குழுவில் ஒருவர், விண்மீன்களை அன்று ஒழுங்குசெய்த அதே சாம்சன்.