எம்.சி.1: சென்னை மாகாணத்தில் மோட்டார்ப் பதிவும் அதன் செலவும்

சென்னையின் வரலாற்றை எழுதுவோர் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எம்.சி.1 என்ற எண்பலகைக்கு வந்துவிடுகின்றனர். அது துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் என்றும், எம்.சி.3 கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாரின் பிரெஞ்சு வண்டி என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இச்செய்தியை நான் மறுக்கவில்லை. இதன்மேல் எழுப்பப்படும் வாசிப்போடுதான் உடன்பாடில்லை. முதல் எண் என்பதால் முதல் கார் என்கிறது அவ்வாசிப்பு. வண்டி வந்த நாளிலேயே பதிவேடும் பிறந்தது, செல்வரிடம் வரி வாங்க அரசு கண்ட வழியே அது என்றும் நீள்கிறது.

முதலில் எண். வங்காளத்தில் 1903இலும் பம்பாயில் 1904இலும் மோட்டார்ச் சட்டங்கள் வந்தன. சென்னைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. ஸ்பிரிங் துறைமுகத் தலைமையை ஏற்றது 1904இல். சென்னைத் தெருக்களில் கார் அதற்கு முன்பே ஓடியதாகப் பழைய நினைவுகள் கூறுகின்றன, அவற்றுள் சில 1894 வரைகூடப் பின்னே செல்கின்றன. அந்த ஆண்டை நான் நம்பவில்லை. ஆனால் அதை ஏற்போர் எம்.சி.1ஐ முதல் கார் என்று சொல்ல முடியாது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிவைக் கட்டாயமாக்கும் சட்டம் வரும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் எல்லாம் ஒருசேரப் பதிவுக்கு வந்து நிற்கும். அப்போது எண் விழுவது விண்ணப்பம் வைத்த வரிசையில்; வண்டி கப்பலிலிருந்து இறங்கிய வரிசையில் அன்று. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே ஆண்டுகள் கிடக்க வேண்டிய தேவையில்லை, ஒரு காலைப்பொழுதே போதும். பெரிய பதவியிலிருந்தவருக்கு முதல் எண் மரியாதையாகவே ஒதுக்கப்பட்டிருக்கலாம். எப்படிக் கொண்டாலும் எம்.சி.1 பதிவேட்டின் தொடக்கத்தைக் காட்டும் சான்றே தவிர, காரின் வருகைக்குச் சான்றாகாது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். மாநகராட்சி குதிரை வண்டிகளுக்கு வரி விதித்து வந்தது, எம்.சி. என்பது அதன் அடையாளமாக இருந்தால் எண் 1907க்கு முன்பே வழங்கப்பட்டிருக்கக்கூடும். இந்த வாய்ப்பை முற்றாகத் தள்ள என்னிடம் சான்றில்லை. ஆகவே பலகையின் ஆண்டை 1904க்குப் பிற்பட்டது, பெரும்பாலும் 1907ஐ ஒட்டியது என்ற அளவில் நிறுத்துகிறேன்.

வரி பற்றிய கூற்று இன்னும் பலவீனமானது. முன்மாதிரியான பிரிட்டனின் 1903ஆம் ஆண்டுச் சட்டம் காருக்கு 20 ஷில்லிங், மோட்டார் சைக்கிளுக்கு 5 ஷில்லிங் பதிவுக் கட்டணம் வைத்தது. பேரேட்டை நடத்தும் செலவுக்குரிய தொகை அது. மணிக்கு 20 மைல் வேகத்தைத் தாண்டி ஓடுபவரை அடையாளம் காண்பதே நோக்கம். நம் நாட்டின் 1914ஆம் ஆண்டுச் சட்டமும் காவலர் நிறுத்தினால் நிற்பது, விபத்து நேர்ந்தால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் சொல்வது ஆகியவற்றில்தான் கண்ணாக இருக்கிறது. அங்கே பதிவேடு காவல்துறையின் கருவி.

பணம் வேறு வாசல் வழியாக நுழைந்தது. சாலை மேம்பாட்டை ஆராய்ந்த ஜெயகர் குழு 1928இல் அறிக்கை தந்தபின் பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை வந்தது. 1931இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் இயற்றியது. உள்ளாட்சிகள் சாலையில் கேட் போட்டு வசூலித்துவந்த சுங்கம் ஒழிக்கப்பட்டு, ஈடாகக் காலாண்டு வரி வைக்கப்பட்டது. இன்று நாம் பதிவுச் செலவு என்று சொல்வதன் பெரும்பகுதி, ஆக, ஒழிக்கப்பட்ட சுங்கச்சாவடியின் வாரிசு. 1939, 1988ஆம் ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் பதிவை ஒருபுறம் ஆண்டன; வரி மாகாணச் சட்டத்திலும், பின்னர் 1974ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் தனியே வளர்ந்தது.

இந்தப் பிரிவு ரசீதிலேயே தெரியும். தமிழ்நாட்டு வரிச் சட்டத்தின் 2023 நவம்பர் திருத்தப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு. 8 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,04,000 ரூபாய். பதிவுக் கட்டணமோ 600 ரூபாய். நடைமுறையிலும் பழைய காவல் நோக்கம் நெடுநாள் நீடித்தது. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே ஓட்டிச் சென்று, பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தி, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கிய புது வண்டியை நேரில் காட்ட வேண்டாம் என்ற விலக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்தது.

என் வாதத்துக்குள் அடங்காத ஓர் எண்ணும் உண்டு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இது வரிச் சட்டத்தின் கீழ் வந்த உயர்வன்று. மத்திய விதிகளின் பதிவுக் கட்டணப் பட்டியலிலேயே ஏற்பட்டது. பேரேட்டுச் செலவு ஒரே நாளில் எட்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்க முடியாது. பழைய வண்டியைச் சாலையை விட்டு அகற்றும் நோக்கமே இதில் வெளிப்படை. காவலுக்கும் வரிக்கும் அப்பாற்பட்ட இந்த மூன்றாம் நோக்கம் 2022இல்தான் தொடங்கியதா, அதற்கு முந்தைய கட்டணத் திருத்தங்களிலேயே கருக்கொண்டதா என்பதை அந்தப் பட்டியல்களை வரிசையாக ஒப்பிட்ட பின்னரே சொல்ல முடியும்.