கொன்றவர் ஏடுகளே சான்றாக

1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே தோமஸ் மொஸ் என்னும் கறுப்பின வணிகரும் அவருடைய தோழர் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய பலசரக்குக் கடை, அயலிலிருந்த வெள்ளையர் ஒருவரின் வாணிகத்துக்குப் போட்டியாயிற்று. பகையின் வேர் அதுவே. வெள்ளைப் பெண்களின் மானங் காக்கவே இத்தகைய கும்பற் கொலைகள் நிகழ்கின்றன என்பது தென் மாநிலங்களில் ஓயாது ஓதப்பட்ட கதை. மொஸ் மீதோ அத்தகைய குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. இம் முரண்பாட்டைப் பற்றிக்கொண்டு எழுந்தவர் அவருடைய நண்பரான ஐடா பி. வெல்ஸ்.

1862இல் மிசிசிப்பியில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தவர் வெல்ஸ். 1878இல் பெற்றோர் மஞ்சட் காய்ச்சலுக்குப் பலியாக, 16 வயதிலேயே ஆசிரியையாகி உடன்பிறந்தோரைக் காத்தார். கறுப்பினச் சிறாரின் பாடசாலைகள் கிடந்த சீர்கேட்டைத் தமது பத்திரிகையில் எழுதியமைக்காக 1891இல் அவ்வேலையை இழந்தார். ஆசிரியராகிய நாம் இதனை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக வாசித்துச் செல்ல இயலாது. மாதச் சம்பளம் எத்தனை வாய்களைக் கட்டியிருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

வெல்சின் முறை எளிமையானது. ஆயின் மறுக்க முடியாதது. வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட செய்திகளையும் கணக்குகளையும் அவர் தொகுத்து ஆராய்ந்தார். கொல்லப்பட்டோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மீதே பாலியல் வன்முறைக் குற்றமாவது சாட்டப்பட்டிருந்தது என்பதைக் காட்டினார். 1892 மே மாதத்தில் கும்பலொன்று அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அழித்தது. உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தமையால் ஊர் திரும்ப முடியாத அவர், நியூயோர்க்கிலிருந்து எழுதினார். 1893இலும் 1894இலும் பிரித்தானியா சென்று பேசினார்.

பெண்ணுரிமை அணியினுள்ளும் அவர் போராட வேண்டியிருந்தது. 1913இல் வாஷிங்டனில் நடைபெற்ற வாக்குரிமை ஊர்வலத்திலே, கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வரவேண்டுமெனக் கூறப்பட்டது. வெல்ஸ் அதற்கு இணங்கவில்லை. ஊர்வலத்தின் இடைவழியில் இலினோய் மாநில அணியினருடன் சேர்ந்து நடந்தார். விடுதலை கோருவோரும் தம்முள் ஒரு பின்வரிசையை வைத்திருக்கக்கூடும் என்பதனை முற்போக்காளராகிய நாம் மறத்தலாகாது.

வெல்ஸ் 1931இல் மறைந்தார். கும்பற் கொலையைத் தனிக்குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டமோ 2022இலேயே நிறைவேறியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சட்டம் பிந்தியது. ஆனால் அதற்கு வேண்டிய சான்றுகளை ஓர் ஆசிரியை முன்னரே திரட்டி வைத்திருந்தார். வரலாறு கற்பிக்கும் நாம், மாணவருக்கு ஆண்டுகளை மனனஞ் செய்விப்பதோடு நில்லாது, அதிகாரத்தின் ஏடுகளை அதற்கெதிராகவே வாசிக்கும் இம் முறையையும் கற்பித்தல் வேண்டும்.