உப்புக்காத்துல ஊறிய ஆர்.எக்ஸ் 100... வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி?

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு ராத்திரி நின்ன பைக்கோட டேங்க்கைக் காலையில் விரலால் தடவிப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டும். பனின்னு நினைச்சு துடைச்சிட்டுக் கிளம்பிடுவோம். அதில் பாதி உப்பு.

ஜப்பானின் 80-கள் ஸ்போர்ட்ஸ் மெஷின் என்றால், ‘இனிஷியல் டி’ பார்த்தவங்களுக்கு டொயோட்டா ஏ.இ.86 கார் ஞாபகம் வரும். நம்ம ஊர்ல அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது கார் இல்லை, யமஹா ஆர்.எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1985-ல் வந்து, 1996-ல் நின்னுபோன வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலு கியர், சுமார் 11 குதிரைத்திறன், எடையோ ஏறக்குறைய 100 கிலோதான். இன்னிக்கும் ஈ.சி.ஆர்ல ஒண்ணு போனா, சத்தத்தை வெச்சே திரும்பிப் பார்க்கிறோம். ஆனா, கடற்கரை ஊர்களில் வீட்டு ஓரமா நிற்கிற ஆர்.எக்ஸ்களில் பல, இன்ஜின் தேய்ஞ்சு நின்னவை இல்லை. உப்பு தின்னு நின்னவை. அதனால இங்கே ரெஸ்டோரேஷன் பெயின்ட்ல தொடங்கக் கூடாது. உப்பை வெளியேற்றுவதில் தொடங்கணும்.

காரணம் எளிது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரி அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். உப்பளத்தில் இன்னொரு வில்லனும் உண்டு. உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு. இதுக்கு 33 சதவிகித ஈரப்பதமே போதும். அதாவது, நல்ல வெயில் நேரத்திலும் வண்டி இடுக்கில் அது ஈரமாவே இருக்கும். இரும்பு துருப்பிடிக்க வேற என்ன வேணும்?

வாங்குறதுக்கு முன்னாடி...

பார்க்க வேண்டியது பேப்பர். ஆர்.எக்ஸுக்கு இருக்கிற கிராக்கியால சேஸி நம்பரை அழிச்சு, வெட்டி ஒட்டி விற்பதும் நடக்குது. சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்.சி-யோடு ஒப்பிட்டுப் பாருங்க. நம்பரைச் சுற்றி மட்டும் புது பெயின்ட் இருந்தா நடையைக் கட்டுங்க. திருட்டு வண்டின்னா, நீங்க போட்ட காசோடு சேர்த்து நீங்களும் ஸ்டேஷன்ல நிற்கணும். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு, ஆர்.சி உயிரோடு இருக்கான்னும் பார்த்துக்குங்க. 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இதுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய பைக்குகளுக்கு 2025 ஆகஸ்ட்டில் 2,000 ஆனது. பசுமை வரி தனி. ‘விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்கு முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும். முதல் ஆர்.எக்ஸுக்கே 2035-ல்தான் அந்த வாய்ப்பு.

அடுத்து ஒரு சின்னக் காந்தம் எடுத்துட்டுப் போங்க. டேங்க்கின் அடிப்பக்கம், ஓரங்களில் வெச்சுப் பாருங்க. ஒட்டாம வழுக்கினா, உள்ளே துரு, மேலே பட்டி. சீட்டுக்கு அடியில், பேட்டரி தட்டு, சென்டர் ஸ்டாண்ட் மாட்டும் இடம், ஸ்விங் ஆர்ம் இதையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. குரோம் போனா வாங்கிக்கலாம். ஃபிரேம் ஓட்டையானா அது வேற கதை.

முதல் வேலை, நல்ல தண்ணி

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவணும். எந்தத் தண்ணியில் என்பதுதான் கேள்வி. கடலோர போர் தண்ணி பல இடங்களில் உப்பு. அதுல கழுவுறது, உப்பை எடுத்துட்டு உப்பு வைக்கிற வேலை. குடிக்கிற தண்ணி ரெண்டு குடம் போதும். ஃபிரேம் குழாய்களோட ஓட்டைகள், மட்கார்டு உள்பக்கம், வீல் ஹப் ஓரம்னு பொறுமையா ஊற்றுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், அது உப்புத்தண்ணியை பேரிங்குக்குள்ளேயே தள்ளிவிடும். அப்புறம் அரை நாள் வெயில்.

பல வருஷம் நின்ன வண்டின்னா, எடுத்ததும் கிக்கர் மேல ஏறி நிற்காதீங்க. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியா கொஞ்சம் டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தை மெதுவா முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க. பெரும்பாலும் அசையும். பிஸ்டனும் சிலிண்டரும் கீறல் இல்லாம பிழைக்கிறதும் சாகுறதும் இந்த ஒரு நாள் பொறுமையில்தான் இருக்கு.

டேங்க் உள்ளே துரு இருக்கா? பெட்ரோல் காக்கைக் கழற்றி, ஓட்டையை அடைச்சு, முதலில் வெறும் தண்ணி நிரப்பி எங்காவது கசியுதான்னு பாருங்க. சில டேங்க்குகளைத் துருதான் பிடிச்சு வெச்சிருக்கும்! கசியலைன்னா, மளிகைக்கடை எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சுடுதண்ணியில் கரைச்சு ஊற்றி, ஒரு ராத்திரி வைங்க. காலையில் கொட்டிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணியால் அலசி, உடனே ஹேர் டிரையர் போட்டுக் காயவைங்க. பத்து நிமிஷம் விட்டாலும் புதுத் துரு பூக்கும். காய்ஞ்சதும் கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றிச் சுழற்றி வைங்க. ஓட்டை இருந்தா, பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்டிங் வைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. காலி டேங்க்கில் இருக்கிற ஆவியும் வெடிக்கும்.

இப்போ பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் யோசிக்காம மாத்திடுங்க. மாசக்கணக்கில் ஓட்டப்போறதில்லைன்னா, டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடிச்சிடுங்க.

ஸ்டார்ட் ஆகலையா?

மூணே கேள்விதான்: கம்ப்ரெஷன் இருக்கா, ஸ்பார்க் வருதா, பெட்ரோல் போகுதா? இதுக்கு விடை தெரியாம பார்ட்ஸ் மாத்துறது காசைக் கடலில் போடுறது.

கிக்கரை கையால் அழுத்திப் பாருங்க, நல்லா எதிர்த்துத் தள்ளணும். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதோட உடம்பை சிலிண்டர் ஹெட்டில் தொடவெச்சு கிக் பண்ணுங்க. பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது, பிளக் ஓட்டையிலிருந்தும் தள்ளிவைங்க. நீலமா, ‘டிக்’னு சத்தத்தோடு ஸ்பார்க் வரணும். ஸ்பார்க் இருந்தும் பிளக் காய்ஞ்சே இருந்தா பெட்ரோல் வரலை. கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு. ஊசி, கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாகிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

இந்த வண்டிக்கு இக்னிஷன் கரன்ட் மேக்னட்டிலிருந்தே வரும். அதனால பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். ஹாரன், இண்டிகேட்டர்தான் படுக்கும். ஸ்பார்க் இல்லைன்னா சி.டி.ஐ போச்சுன்னு உடனே புதுசு வாங்காதீங்க. உப்புக்காத்து ஊரில் முதல் சந்தேகம் எர்த் மேலதான் போகணும். இக்னிஷன் காயில் ஃபிரேமில் உட்காரும் இடம், ஒயரிங்கின் எர்த் முனை ரெண்டையும் கழற்றி, பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. கனெக்டர்களில் பச்சையா பூத்திருப்பதைச் சுரண்டுங்க. ‘பெயின்ட் அடிக்கும் முன்னாடி ஓடுச்சு, அடிச்ச பிறகு ஸ்டார்ட் ஆகலை’ என்கிற புலம்பலுக்கும் இதே பதில். பவுடர் கோட்டிங் கரன்ட்டைக் கடத்தாது, போல்ட் உட்காரும் இடத்தில் சுரண்டி விட்டே ஆகணும்.

ஓடுது... ஆனா ஏதோ சரியில்லை!

ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் இறங்காம மேலேயே நிற்குதா? ‘செம பிக்கப்’னு சந்தோஷப்படாதீங்க. எங்கேயோ காற்று உள்ளே போகுது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கான்னு பாருங்க. ஐடிலில் ஓடும்போது அதன் மேல் சோப்புத் தண்ணி தெளிச்சா சத்தம் மாறும். அது சரின்னா, இடது பக்கம் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல். அங்கே எண்ணெய் பிசுக்கு இருந்தா சீல் போச்சு. மேக்னட்டைக் கழற்ற புல்லர் வாங்குங்க, சுத்தியல் வேண்டாம். வலது பக்க சீல் போனா அறிகுறி வேற. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லாம கியர் ஆயில் குறையும், பின்னால் வெள்ளைப் புகை போகும்.

இதில் இடது சீல்தான் ஆளைக் கொல்றது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து போகிற 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு. காற்று கூடி கலவை மெலிஞ்சா பிஸ்டன் சூடேறி, வீங்கி, சிலிண்டரில் இறுகிடும். 80-ல் போகும்போது இது நடந்தா பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். ஈ.சி.ஆர்ல பின்னால் பஸ் வரும். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இதுக்காகத்தான்: காபிப்பொடி நிறம் நல்லது, கறுப்பு ஈரம் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல், வெள்ளை வெளேர்னு இருந்தா அன்னிக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. புதுசா செட் பண்ண வண்டியில் ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கட்டும். சத்தம் மாறின நொடியே பிடிச்சிடணும்.

ஆட்டோலூப் ஆயில் பம்ப்பை முன்பிருந்த ஓனர் கழற்றி விட்டாரான்னும் கேளுங்க. கழற்றியிருந்தா, டேங்க்கிலேயே ஆயில் கலக்கணும். 2 சதவிகிதம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. தெரியாம வெறும் பெட்ரோல் போட்டா, இன்ஜின் அன்னிக்கே முடிஞ்சது. ‘சவுண்டு’க்காக சைலன்சர் பேஃபிளைக் கழற்றுறதும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம்தான். சத்தம் கூடும், இழுவை குறையும்.

ஸ்க்ரூ விஷயம்

ஜப்பான் வண்டிகளின் பிளஸ் ஸ்க்ரூ, நம்ம கடைகளில் கிடைக்கிற பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்கு ஏற்றதில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா பிலிப்ஸ் நழுவித் தலையை அரைச்சிடும். இன்ஜின் கவர் ஸ்க்ரூக்களில் பாதி இப்படித்தான் பாழாகுது. ஜே.ஐ.எஸ்-னு கேட்டு வாங்குங்க, ஆன்லைனில் கிடைக்கும். இறுகினதுக்கு, சுத்தியலால் அடிச்சுத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர். அரைபட்டதை எல்லாம் எடுத்துட்டு ஸ்டெய்ன்லெஸ் ஆலன் போல்ட் போடுறது இப்போ ஃபேஷன். உப்புக்காத்தில் ஸ்டெய்ன்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு இருந்தா, அரிச்சுப்போறது அலுமினியம்தான். மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாம போட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு கவரோடு சேர்த்துதான் உடைச்சு எடுக்கணும்.

குரோமில் லேசான துரு இருந்தா, சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில் நனைச்சுத் தேய்ச்சாலே போயிடும். குழி விழுந்திருந்தா மட்டும் ரீ-குரோம் யோசிங்க.

ராத்திரி நிறுத்தும்போது தார்ப்பாய் போட்டு மூடாதீங்க. உள்ளே ஈரம் அடைபட்டு, வெளியே நிற்கிறதைவிட வேகமா துரு ஏறும். பழைய பருத்திப் போர்வை போதும். கடற்காத்து வரும் பக்கம் சுவர் இருக்கிற மாதிரி நிறுத்துங்க. வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் நனைச்ச துணியால் துடைச்சு, ஸ்போக்ஸ், செயின், சைலன்சர் பெண்டில் 2டி ஆயில் தொட்ட துணியால் ஒரு தடவு தடவிட்டா, அந்த வாரத்து உப்பு இரும்பைத் தொடாது.