ஈழக் கடற்கரையில் ரேடார்: 1942

வானொலி அலைகள் பொருளிற் பட்டு மீளும் காலத்தால் தொலைவை அளக்கும் கருவி ரேடார். இரண்டாம் உலகப் போரில் அதன் பயனை ஆராய்வார்க்கு, 1942 ஏப்ரலில் ஈழத்தில் நிகழ்ந்த இரு தாக்குதல்கள் தக்க சான்றாகும்.

4ஆம் நாளே கானடிய விமானி பிர்ச்சால் சப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி விடுத்தார். எனினும், மறுநாட் காலை கொழும்பில் ரேடார் எச்சரிக்கை கிட்டவில்லை. பகைவர் தலைமேல் வந்த பின்னரே இரத்மலானை விமானங்கள் எழுந்தன.

9ஆம் நாள் திருக்கோணமலையிலோ, எலிசபெத் முனை நிலையம் பகைவரவைத் தொலைவிலேயே உணர்த்திற்று. காவல் விமானங்கள் முன்னரே வானேறின. ஆயினும் துறைமுகம் சேதமுற்றது. விமானங்கள் உடனில்லாத 'எர்மிசு' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று.

கொழும்பு இழந்த முன்னறிவைத் திருக்கோணமலை பெற்றது. பெற்றும் முற்றக் காத்திலது. ஆதலின், ரேடார் காவலுக்குத் துணையேயன்றிக் காவலே ஆகாதென்பது நாம் கொள்ளும் முடிபாகும்.