நோ மோர் டியர்ஸ் சிஸ்டர் (ஆவணப்படம்)

நோ மோர் டியர்ஸ் சிஸ்டர், கனடிய தேசியத் திரைப்பட வாரியம் 2005இல் தயாரித்த ஆவணப்படம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகமவின் (1954–1989) வாழ்வையும் படுகொலையையும் கூறுகிறது. இயக்கியவர் ஹெலீன் குளோடாவ்ஸ்கி. பின்னணிக் குரல் கொழும்பில் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியுடையது. ஏறத்தாழ 80 நிமிடம் ஓடும்.

பின்னணி

1971 ஏப்ரலில் தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுன என்ற இடதுசாரி இயக்கம் நடத்திய இளைஞர் கிளர்ச்சியை இலங்கை அரசு நசுக்கியது. அதே பத்தாண்டில் வடக்கில் தமிழ் இளைஞர் இயக்கங்கள் ஆயுதம் ஏந்தின. சிங்கள இடதுசாரி மாணவத் தலைவர் தயாபால திராணகமவை ராஜினி 1977இல் மணந்தபோது, தெற்கின் தீவிர அரசியலும் வடக்கின் தீவிர அரசியலும் ஒரே குடும்பத்துக்குள் வந்தன.

உள்ளடக்கம்

ராஜினியின் அக்கா நிர்மலா 1982இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 1984இல் விடுதலைப் புலிகள் மட்டக்களப்புச் சிறையிலிருந்து அவரை மீட்டனர். பின்னர் அவர் இயக்கத்தை விட்டு விலகினார். காயப்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர் ராஜினி. 1983இல் மேற்படிப்புக்காக லிவர்பூல் சென்றவர், அங்கிருந்தும் இயக்கத்துக்காக உழைத்தார். இயக்கத்தின் வன்முறை அவரை அதிலிருந்து விலக்கியது.

1986இல் ஊர் திரும்பிய அவர், 1987 ஒக்டோபரில் இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டபின் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் எனத் தரப்பு பாராமல் அத்துமீறல்களைப் பதிவுசெய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

ஆக்கம்

படத்தின் பெயர், ராஜினி இணையாசிரியராக இருந்த 'முறிந்த பனை' நூலின் ஆங்கில மூலத்தில் அவர் எழுதிய அத்தியாயத்தின் தலைப்பு. சகோதரிகளும் கணவரும் நேர்காணல்களில் பேசுகின்றனர். மீள்நடிப்புக் காட்சிகளில் ராஜினியாக நடித்தவர் அவருடைய மகள் சாரிகா.

கனடியச் சூழல்

மார்க்கம், ஸ்காபரோ உள்ளிட்ட ரொறன்ரோ பெரும்பாகத்தில், இலங்கைக்கு வெளியே வாழும் ஈழத்தமிழர் சமூகங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று உண்டு. படம் வெளியானபோது அச்சமூகத்தின் பொதுவெளியில் புலிகள் ஆதரவு ஓங்கியிருந்தது. மாற்றுக் கருத்துச் சொன்னோர் மிரட்டப்பட்டதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் அறிக்கையாக வெளியிட்டது. அடுத்த மாதம் கனடா புலிகளைத் தடைசெய்தது. அதே ஆண்டு இப்படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

கொலைக்குப் புலிகளே பொறுப்பு என்பது குடும்பத்தினரின் நிலைப்பாடு. இவ்வழக்கில் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.